கம்ப்யூட்டர நாமளே ரிப்பேர் பாக்கும்போது பண்ற தப்புங்க (எல்லாம் நானும் பண்ணுனதுதான்)

போன வாரம் சித்தப்பா பையன் ஒருத்தன் புளியரைல இருந்து கேபினட்ட பெட்ஷீட்ல சுத்தி பைக் டேங்க் மேல வச்சு செங்கோட்டைக்கு கொண்டு வந்தான். "அண்ணே, எல்லாம் பண்ணி பாத்துட்டேன், ஆனே ஆவ மாட்டேங்கு"ன்னான். அந்த "எல்லாம்"ங்கிற வார்த்தையக் கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. உக்கார வச்சு ஒண்ணொண்ணா கேட்டா, மொதல்ல இருந்த பிரச்சன என்னன்னா தினமும் ஆன் பண்ணுனா தேதி பழைய வருசத்துக்குப் போயிருது, எந்த வெப்சைட்டத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லன்னு திட்டுது, அவ்வளவுதான். அதுக்கு இவன் பிரவுசர அழிச்சு போட்டிருக்கான், ஆன்டிவைரஸ் மாத்திருக்கான், அப்புறம் ஒரு வீடியோவப் பாத்துட்டு பயோஸ் (ஆன் பண்ணுனதும் மொதல்ல ஓடுற, போர்டுலயே இருக்க ப்ரோக்ராம்) அப்டேட்ல கை வச்சிருக்கான், பாதில கரண்ட் போயிருச்சு. ஆடி மாசம், சாரலும் காத்துமா அடிக்கிற நேரம், யூபிஎஸ் இல்லாத வீடு.

அந்த போர்டுக்கு தேவைப்பட்டது ஒரு சிஆர்2032 பேட்டரி, பிளக்க புடுங்குனாலும் தேதிய ஞாபகம் வச்சிருக்க வைக்கிறது அதுதான். 20 மில்லிமீட்டர் அகலம், காசு மாதிரி இருக்கும், 3 வோல்ட், வாட்ச் கடைலயே கிடைக்கும். இப்ப அப்டேட் பாதில நின்னதால பயோஸ் சிப்ப தனியா ப்ரோக்ராமர்ல மாட்டி திரும்ப எழுதணும்.

இவன திட்டுறதுக்கு எனக்கு வாய் வரல, ஏன்னா நானும் இப்டித்தான் ஆரம்பிச்சேன். பிளக் சொருகிருக்கான்னு பாரு, மானிட்டர் சுவிட்சப் பாரு, இந்த மாதிரி சங்கதியெல்லாம் இங்க எழுதல, அது உங்களுக்கே தெரியும்.

ஒரே நேரத்துல நாலு வேலை

ரேம மாத்தி, கேபிள மாத்தி, டிரைவர மாத்தி, கடைசில ஓடிருச்சுன்னா எதனால ஓடுச்சுன்னு சொல்லுங்க பாப்போம். ஒண்ண மாத்து, ஆன் பண்ணு, பாரு. சரியாவலன்னா பழையபடி வச்சுட்டு அடுத்ததுக்குப் போ. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க, பவர் பட்டன் வயரு நாலும் எந்த பின்னுல இருந்துச்சுன்னு ராத்திரி பதினோரு மணிக்கு ஞாபகம் வராது.

எஸ்எம்பிஎஸ்ஸ (பவர் சப்ளை பெட்டிய) திறக்குறது

வேண்டாம். பிளக்க புடுங்குன பிறகும் உள்ள இருக்க பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

சாவக் கெடக்குற டிஸ்க்ல செக்டிஸ்க் போடுறது

இதத்தான் நான் எழுதணும்னு உக்காந்தேன் (செக்டிஸ்க்னா டிஸ்க்க சோதிக்க விண்டோஸ்லயே இருக்க கட்டளை). மத்ததெல்லாம் பணத்தோட போவும், இது அப்டி இல்ல.

எங்க மாமாவுக்கு ரயில்னா உசிரு. செங்கோட்டை புனலூர் மீட்டர் கேஜ் லைன 2010ல மூடுறாங்கன்னு தெரிஞ்சதும், சின்ன டிஜிட்டல் கேமராவ வச்சுக்கிட்டு நாலஞ்சு தடவ போய் வந்தாரு. பகவதிபுரம் தாண்டி மலை ஏறுறது, குகைக்குள்ள வண்டி நுழையும்போது பிள்ளைங்க ஓன்னு கத்துறது, ஆரியங்காவு ஸ்டேஷன், கழுத்துருட்டி கிட்ட பதிமூணு கண்ணு பாலம், எல்லாம் ஜன்னல்ல கைய நீட்டி எடுத்தது. மெமரி கார்டுல இருந்து கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு கார்ட காலி பண்ணிட்டாரு. 500 ஜிபி டிஸ்க், அதுல மட்டும்தான் இருந்துச்சு.

ரெண்டு மூணு வருசம் கழிச்சு, "மருமவனே, அந்த வீடியோ போல்டரத் திறந்தா மட்டும் கம்ப்யூட்டர் அப்படியே நின்னுருது"ன்னு கூப்பிட்டாரு. போனேன். காதக் கிட்ட வச்சா டிக்... டிக்... டிக்குன்னு சத்தம், பல்லி கத்துற மாதிரி. எனக்கு அப்ப தெரிஞ்ச ஒரே வைத்தியம் செக்டிஸ்க், அதுலயும் கூட ஒரு ஆர் (/r) போட்டா பேட் செக்டரெல்லாம் (டிஸ்க்ல படிக்க முடியாமப் போன இடமெல்லாம்) சரியாயிரும்னு கேள்விப்பட்டிருந்தேன். ராத்திரி ஓட விட்டுட்டு அத்தை சுட்ட தோசைய தின்னுட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டேன்.

காலைல போய் பாத்தா முடிஞ்சிருந்துச்சு. போல்டர் இல்ல. அதுக்கு பதிலா பவுண்ட்.000னு புதுசா ஒரு போல்டர், அதுக்குள்ள ஃபைல்0000.சிஹெச்கே, ஃபைல்0001.சிஹெச்கேன்னு பேரு ஊரு இல்லாம வரிசையா. வீடியோ பேரு குடுத்து திறந்து பாத்தேன். ஒண்ணுல குகைக்கு முன்னாடி பதினஞ்சு செகண்ட் ஓடி பச்சைக் கட்டமா உறைஞ்சு போச்சு. அதத்தான் மாமா நாலு தடவ ஓட்டிப் பாத்தாரு. மத்தது ஒண்ணும் ஓடல. விடுவனா நான், மறுபடி செக்டிஸ்க். ரெண்டாவது தடவ நடுவுலயே டிஸ்க் காணாமப் போயிருச்சு. திருவனந்தபுரத்துல ஒரு ரெக்கவரி லேப்ல குடுத்தப்ப, உள்ள தட்டுலயே கீறல் விழுந்திருக்குன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. "பரவால்ல மருமவனே"ன்னு மாமா சொன்னாரு, அது இன்னமும் உறுத்துது. ப்ராட் கேஜ் 2018ல முழுசா ஓட ஆரம்பிச்சப்ப போன்ல எடுத்தாரு, ஆனா அந்த பழைய வண்டிய யாரு திரும்ப ஓட்டுவா.

தப்பு எங்கன்னா, செக்டிஸ்க் உங்க ஃபைலக் காப்பாத்த வந்தது இல்ல. ஃபைல் சிஸ்டத்தோட கணக்க நேராக்குறதுதான் அதோட வேல, கணக்குல இடிக்கிறத வெட்டி எறிஞ்சுரும். அதோட அந்த ஆர் போட்டா டிஸ்க் முழுக்க ஒவ்வொரு செக்டரா படிச்சு பாக்கும். மூச்சு வாங்குற ஆள மலை ஏத்தி விடுற கத.

அப்ப என்ன பண்ணணும்? டிக் டிக் சத்தம் கேட்டா உடனே ஆஃப் பண்ணுங்க. சத்தம் இல்ல, ஸ்லோவா மட்டும் இருக்குன்னா கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, திறந்தா மஞ்சள்ல காஷன்னு காட்டுதான்னு பாருங்க. 05, சி5, சி6ன்னு இருக்க மூணு வரியோட (கெட்டுப்போன இடங்களோட கணக்கு அது) கடைசி கட்டத்துல பூஜ்யம் இல்லாம வேற நம்பர் இருந்தா டிஸ்க் மேல சந்தேகம். சி7 மட்டும் ஏறிக்கிட்டே போனா பெரும்பாலும் டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கிற சாட்டா கேபிள்தான், அத மாத்துனா முடிஞ்சுது, இது தெரியாம நல்ல டிஸ்க்கத் தூக்கிப் போட்டவங்க நெறைய பேரு.

மஞ்சள் வந்துருச்சா, டிஃப்ராக் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், அதே டிஸ்க்ல புதுசா விண்டோஸ் போடவே வேண்டாம். அதே சைஸ் இல்ல அதவிட பெரிய டிஸ்க் ஒண்ணு வாங்கி, லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்கிற நகல் எடுக்குற ப்ரோக்ராம ஓட்டுங்க. அது நல்லா படிக்க முடியுற இடத்த மொதல்ல அள்ளிக்கும், அடம்பிடிக்கிற இடத்துக்கு கடைசிலதான் வரும், மேப் ஃபைல் (எதுவரைக்கும் படிச்சுதுன்னு குறிச்சு வைக்கிற ஃபைல்) குடுத்து ஓட்டுனா நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். ஆனா எது மூலம் எது நகல்னு பேர ரெண்டு தடவ பாத்துட்டு என்டர் தட்டுங்க, மாத்திப் போட்டா காலி டிஸ்க்க உங்க டிஸ்க் மேல எழுதிரும். நகல் வந்த பிறகு அந்த நகல்ல செக்டிஸ்க் போடுங்க, என்ன கூத்து வேணாலும் அடிங்க.

டிஸ்க்க பிரிட்ஜ்ல வச்சா ஓடும்னு ஒரு வைத்தியம் சுத்துது. வெளிய எடுத்ததும் தண்ணி கோக்கும், சாரல் காத்துல கேக்கவே வேண்டாம்.

எஸ்எஸ்டி சத்தமே போடாது, ஒருநாள் காலைல காணாமப் போயிரும். அதுல பார்மட் அடிச்சா ட்ரிம் (அழிச்ச இடத்த எஸ்எஸ்டியே காலி பண்ற வேல) ஓடி எல்லாம் சுத்தமாயிரும், ரெக்கவரி சாஃப்ட்வேருக்கு மிஞ்சுறது ஒண்ணும் பெருசா இருக்காது.

ப்ளோயர் அடிக்கும்போது

ஃபேன ஒரு விரலால புடிச்சுக்கிட்டு அடிங்க. கிர்ருன்னு சுத்துறத வேடிக்க பாத்தா பேரிங் போயிரும்.

கூலரோட பிராசசரும் வந்துருது

ஏஎம்4 (ஏஎம்டி பிராசசர் மாட்டுற ஒரு சாக்கெட் வகை) போர்டு வச்சிருக்கவங்க கவனிங்க. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவுல தடவுன பேஸ்ட் காஞ்சு இறுகியிருக்கும், நேரா மேல இழுத்தா சாக்கெட்ல இருந்து பிராசசரே கூலரோட ஒட்டிக்கிட்டு வந்து பின்னு வளைஞ்சுரும். பத்து நிமிசம் ஏதாவது ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி பிளக்க புடுங்கிட்டு, கூலர மெதுவா இடம் வலமா திருகி எடுங்க. வளைஞ்ச பின்ன நான் பிளேடு முனை வச்சு நிமித்திருக்கேன், வேர்த்து ஊத்தும்.

பயோஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி

பிட்லாக்கர் (டிஸ்க்கப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க. புது விண்டோஸ் 11 மெஷின்ல நீங்க கேக்காமலே ஆன் ஆயிருக்கலாம், பயோஸ மாத்துன பிறகு 48 இலக்க கீ கேட்டு நிக்கும்.

கேபினட்டத் தொட்டா சுர்ருங்குது

அது கம்ப்யூட்டர் கோளாறு இல்ல, வீட்டுல எர்த் சரியில்ல. மூணு பின் பிளக்க ரெண்டு பின் கன்வெர்டர்ல மாட்டி ஓட்டுனா இப்டித்தான். பழைய ஓட்டு வீடுங்க பல இடத்துல மூணாவது ஓட்டை சும்மா பேருக்குத்தான் இருக்கும், வயரே வந்திருக்காது. எலக்ட்ரீசியனக் கூப்பிடுங்க. சித்தப்பா வீட்டுலயும் அதே கததான், அந்த பையனுக்கு போர்ட சரி பண்ணிக் குடுக்குறதுக்கு முன்னாடி சித்தப்பாவுக்கு போன் போட்டு அதச் சொல்லிருக்கேன்.