வகுப்பில் மனநிலை வட்டம்: காலைப் பத்து நிமிடத்தை நடத்துவது எப்படி?

"எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "நல்லா இருக்கோம் டீச்சர்" என்று கோரஸாகப் பதில் வரும். அதில் யார் மனசும் தெரியாது. வாயால் கேட்பதற்கு முன் கையால் காட்ட ஒரு வழி கொடுங்கள்.

ஒரு சார்ட்டில் ஆறு கட்டம் போதும்: சந்தோஷம், கோவம், பயம், கடுப்பு, ஏக்கம், அசதி. துணி காயப்போடும் கிளிப் ஆளுக்கொன்று. உள்ளே வரும்போதே தன் கட்டத்தில் மாட்டிவிட்டு உட்காரவேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை இது சரிப்படும். அதற்கு மேல், யார் எங்கே மாட்டுகிறார் என்று பார்த்துக் கேலி தொடங்கிவிடும். அவர்களுக்கு மூடி போட்ட ஓலைக்கொட்டான் (பனையோலைக் கூடை) ஒன்றை மேசையில் வைத்து, துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். எழுத ஒன்றும் இல்லாதவரும் வெற்றுச்சீட்டைப் போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிறவர் தனியாகத் தெரிந்துபோவார்.

பிறகு வட்டம்: சுற்றி உட்கார்ந்து தன் மனநிலையைச் சொல்லும் நேரம். நாற்பது பேரையும் தினமும் பேசவிட்டால் முதல் பாடவேளை போய்விடும், மூன்றாம் நாள் நீங்களே கைவிட்டுவிடுவீர்கள். நாளுக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு நிமிடம்; ஐந்து நாளில் வகுப்பு முடிந்துவிடும். தாழ்வாரத்தில் தரையில் உட்காருங்கள், ஆசிரியரும் தரையில்தான். ஒரு சின்னக் கொட்டானைக் கைமாற்றுங்கள். அதை வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். பேச விருப்பமில்லாதவர் அடுத்தவரிடம் தந்துவிடலாம், காரணம் கேட்கக்கூடாது. பேசி முடித்ததும் அறிவுரை சொல்ல நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை புத்தி சொன்னால் போதும், அடுத்த வாரம் எல்லாரும் "சந்தோஷம்" என்றுதான் சொல்வார்கள்.

சண்டை வந்தால், "சாரி சொல்லு, கை குடு" என்று உடனே நிறுத்திவைப்பதுதான் வழக்கம். கொதிப்பில் இருக்கிற பிள்ளைக்கு அப்போது எதுவும் காதில் ஏறாது. இருவரையும் கால்மணி நேரம் தனித்தனியாக உட்காரவையுங்கள், தண்ணீர் குடிக்கட்டும். பிறகு ஒருவர் நடந்ததைச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர் தன் பக்கத்தைச் சொல்லும் முறை. மன்னிப்பு தானாக வந்தால் வரட்டும்.

நிறத்தையோ சாதியையோ வைத்து ஒருவரைப் பலர் சீண்டினால் இந்த முறை ஆகாது. அது இரு தரப்புச் சண்டை இல்லை. அடிபட்டவரையும் அடித்தவரையும் சமமாக உட்காரவைத்தால் அடிபட்டவருக்கு அது இன்னொரு அடி. சீண்டியவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், தலைமை ஆசிரியருக்கும் தெரியட்டும்.

சீட்டிலோ தனியாகவோ ஒரு பிள்ளை பாலியல் தொல்லையைப் பற்றிச் சொன்னால், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பதே சரியான பதில். தோண்டித் துருவிக் கேட்கவேண்டாம். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதிவையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416.

வீட்டோடு பேசுவதில்தான் இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்துக்கே உரிய சங்கதி இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, அப்பத்தா வளர்க்கும் பிள்ளைகள் உண்டு. லீவில் வந்த அப்பா திரும்பிப் போன வாரத்தில் அடிதடியோ அழுகையோ கூடினால், தண்டனையைத் தள்ளிவையுங்கள். பள்ளியிலிருந்து ஆள் வந்தாலே "என் பேரன் என்ன பண்ணிப்புட்டான்?" என்று அப்பத்தா பதறுவார். முதலில் அவன் செய்த நல்லது ஒன்றைச் சொல்லுங்கள், பிறகு ஒரே ஒரு உதவி கேளுங்கள். கிளிப் நாள்தோறும் 'அசதி'யிலேயே கிடந்தால், ராத்திரி அப்பாவின் போன் எத்தனை மணிக்கு வருகிறது என்று விசாரியுங்கள். துபாயில் எட்டு மணி என்றால் இங்கே ஒன்பதரை. பேசி முடித்து, படுத்தும் தூக்கம் வராமல் புரண்டுவிட்டு வருகிறவன் முதல் பாடவேளையில் எப்படி உட்காருவான்? பள்ளி நாட்களில் அவன் தூங்கப்போகுமுன் அப்பா ஒரு குரல்பதிவு அனுப்பட்டும், வீடியோகாலை வார விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அப்பத்தாவிடம் சொல்லிப்பாருங்கள்.