பழைய மர அலமாரியைச் சமையலறைக்கு ஏற்றதாக மாற்றும் முறை

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்தில், பழைய அலமாரி ஒன்றைச் சமையலறைக்கு வாங்க நினைப்பவர், அதன் வேலைப்பாட்டைவிட அது ஈரத்தைத் தாங்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பழைய வீடுகளை இடிக்கும்போது வெளிவரும் தேக்கு, பலா, அயினி மரச்சாமான்கள் இதற்கு ஏற்றவை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால், பதப்படுத்தாமல் செய்யப்பட்டிருந்தால் வண்டு எளிதில் துளைத்துவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான டிவி ஸ்டாண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தண்ணீர் பட்டு ஓரம் உப்பிவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

வாங்குமுன் அடித்தட்டையும் பின்பலகையையும் டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிறு துளைகள் இருப்பதாலேயே அது குறையாகிவிடாது. தட்டும்போது அவற்றிலிருந்து வெளிறிய தூள் புதிதாக உதிர்ந்தால், வண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும். கால்களின் அடியில் ஸ்குரூ டிரைவர் முனை எளிதாக இறங்கினால், அங்கே மரம் உளுத்தோ கறையான் அரித்தோ போயிருக்கிறது.

பழைய பெயிண்டை அகற்றுவதில்தான் மிகுந்த கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் நச்சான ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் உரசித் தூசி கிளப்பாமல், முகக்கவசம் அணிந்து, குழந்தைகள் இல்லாத திறந்த வெளியில், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தி, கழிவை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பின்னர் நன்றாக வெயிலில் காயவைத்து, வெறும் மரத்தின் மீது வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசி, அது உலர்ந்தபின் வார்னிஷ் அடிக்கலாம். வெங்காரக் கரைசல் தண்ணீரில் கரைந்து வெளியேறக் கூடியது என்பதால் மேற்பூச்சைத் தவிர்க்கக் கூடாது.

உள்ளமைப்பில் பெரிய வேலை எதுவுமில்லை. பின்பலகையைக் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத கம்பிவலை அடித்தால் காற்றோட்டம் கிடைக்கும்; ஆனால் பின்பலகைதான் சட்டத்தை ஆடாமல் பிடித்திருக்கும் என்பதால், மூலைகளுக்குக் குறுக்குச் சட்டம் கொடுக்குமாறு ஆசாரியிடம் சொல்ல வேண்டும். இழுப்பறையின் அடிப்பலகைக்குப் பதிலாக அரை அங்குல இடைவெளியில் ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) அடித்தால் வெங்காயம் அழுகாமல் இருக்கும். மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்குக்கென்று தனியிடம் ஒதுக்குவது வீண் என்பேன். தோண்டிய இரண்டு மூன்று நாளில் அது எப்படியும் கறுத்துவிடும்.

குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் இரும்புக் கீல் விரைவில் துருப்பிடிக்கும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ நல்லது. கால்களைக் கருங்கல் துண்டுகள் மீது உயர்த்தி, சுவருக்கு இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேற்பகுதியை எல் ஆங்கிளால் சுவரோடு பிணைத்தபின், அரிசி வாளி போன்ற கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். வார்னிஷ் வாடை முற்றிலும் போகும்வரை உணவுப்பொருள் எதையும் உள்ளே வைக்கக் கூடாது; கருவாட்டுக்கு, எப்போதுமே, இறுக மூடும் தகரடப்பாதான் இடம்.