சேர்வராயன் மலையூர்களில் கூட்டு முயற்சி தொடங்குவோருக்கு: கணக்கெடுப்பிலிருந்து கொள்முதல் வரை

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் விவசாயிகளையும் மகளிர் குழுக்களையும் ஒன்றுசேர்த்து ஒரு தொழில் அமைப்பை உருவாக்க விரும்புகிறவர்கள், சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்த முதல் வாரத்திலேயே, அதை எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வது என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தெரிய வேண்டியது, அந்த ஊருக்குள் ஓர் ஆண்டில் எந்தெந்த வழியாகப் பணம் வருகிறது, வந்த பணம் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது, பிறகு எந்த வாசல் வழியாக மலையிறங்கிப் போகிறது என்பதே. இதை ஊரார் தாங்களே கணக்கிட்டுப் பார்க்காத வரையில், வெளியிலிருந்து வருகிறவர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு அமைப்பைத் தொடங்கினாலும், அது அவருடைய அமைப்பாகவே இருக்கும்.

ஊரை ஊராரைக் கொண்டே ஆராயும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். அப்போது ஆராயப்பட்ட இருவேல்பட்டு முதலான ஊர்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் மீண்டும் ஆராயப்பட்டதால், ஒரே ஊரின் மாற்றத்தை ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா, 1930ஐ ஒட்டிக் குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் நடத்திய ஆய்வு, குடியானவர்களின் வரவு செலவை வைத்து, விதிக்கப்பட்ட நிலவரி அவர்களால் தாங்கக்கூடியதுதானா என்ற கேள்விக்கு விடை தேடியது. யாருக்காக, எந்த முடிவை எடுப்பதற்காக இந்தக் கணக்கு என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொண்டு அவர் தொடங்கியதுதான் நாம் பின்பற்ற வேண்டிய முறை.

ஆகவே, கணக்கெடுப்புக்கு முன்பே ஊர்க்கவுண்டரையும் ஊராட்சித் தலைவரையும் மகளிர் குழுக்களின் ஊக்குநர்களையும் தனித்தனியே சந்தித்து, என்ன கேட்கப் போகிறோம், எழுதியதை யாரிடம் காட்டுவோம், யாரிடம் காட்ட மாட்டோம் என்பதைச் சொல்லிவிடுங்கள். கணக்கெடுப்பவர்களாக, அந்த ஊரிலேயே வாழ்கிற, மேல்நிலைப் பள்ளி வரையேனும் படித்த பெண்களும் ஆண்களுமாக நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய நாள்கூலியை இழக்கச் செய்யாமல் உரிய தொகையைக் கொடுங்கள். சேவை என்ற பெயரில் கூலி இல்லாமல் வேலை வாங்குவது, இந்த முயற்சி எதை மாற்ற வந்ததோ அதையே தொடர்வதாகும்.

கேள்வித்தாளைவிட மலையூர்களில் நன்றாகப் பயன்படுவது கோலப்பொடியும் புளியங்கொட்டையும்தான். கோயில் முன்பு உள்ள வெட்டவெளியில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தைப் பெண்களையே வரையச் சொல்லுங்கள். வீடுகள், நீரூற்று, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், எஸ்டேட் எல்லை, பேருந்து நிற்கும் இடம் என எல்லாம் அதில் வந்துவிடும். பிறகு அரிசி மளிகை, மருத்துவம், படிப்பு, பேருந்து, விசேஷம், வட்டி என்று வட்டங்கள் போட்டு, ஒவ்வொருவரிடமும் இருபது புளியங்கொட்டைகளைக் கொடுத்து, வீட்டுச் செலவைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு ஊரில் இப்படிச் செய்தபோது, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா பதினேழு கொட்டைகளைத் தயங்காமல் வைத்துவிட்டு, மீதி மூன்றைக் கடைசி வரையில் உள்ளங்கையிலேயே மூடி வைத்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு என்னருகே வந்து, "இது வட்டிக்குங்க, வீட்டுக்காரருக்குத் தெரியாது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கடனைப் பற்றிய கேள்வியைப் பொதுவில் கேட்கக் கூடாது என்பதையும், பெண்களுக்கென்று தனி அமர்வு கட்டாயம் வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். அந்த மூன்று கொட்டைகளைப் பார்க்காமல் போயிருந்தால், அந்த ஊரைப் பற்றி நாங்கள் எழுதிய எல்லாமே பிழையாகியிருக்கும்.

கணக்கெடுப்பை ஒரே பருவத்தில் முடித்துவிடாதீர்கள். காபிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் மிளகு இறங்கி முடியும் மார்ச் வரையில் கையில் காசு புழங்கும். ஆனி, ஆடி மாதங்களில் அதே வீட்டில் கைமாற்று வாங்கித்தான் அரிசி வாங்குவார்கள். ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. போன வாரம் எத்தனை நாள் வேலை இருந்தது, என்ன கூலி, எங்கே செலவானது என்று கேட்டால் சொல்லுவார்கள்.

வந்த தொகைகளை வைத்து ஓர் எளிய கணக்கைப் போடலாம். லண்டனில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தினர் உருவாக்கிய, மூன்று சுற்றுகளில் பணம் உள்ளூரில் எவ்வளவு தங்குகிறது என்று அளக்கும் முறை இது. எடுத்துக்காட்டாக, ஊரில் ஒரு குழு நடத்தும் சமையலகத்துக்கு ஒரு மாதத்தில் 10,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 6,000 ரூபாயை ஊருக்குள்ளேயே கூலியாகவும் காய்கறிக்கும் பாலுக்கும் கொடுக்கிறார்கள். பெற்றவர்கள் அதில் 2,400 ரூபாயை மீண்டும் உள்ளூரிலேயே செலவிடுகிறார்கள். மூன்றையும் கூட்டி முதல் தொகையால் வகுத்தால் 1.84 வரும். அதே சமையலகம் எல்லாவற்றையும் சேலத்தில் வாங்கி, ஊருக்குள் 2,000 ரூபாய் மட்டும் கொடுத்து, அதில் 800 ரூபாய் மட்டும் மீண்டும் உள்ளூரில் சுழன்றால், விடை 1.28 ஆகக் குறைந்துவிடும். இரண்டிலும் வருமானம் ஒன்றுதான். ஊர் பெறும் பயன் ஒன்றல்ல. "உள்ளூர்" என்பது உங்கள் ஊராட்சியா, ஏற்காடு தாலுகா முழுவதுமா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். நடுவில் எல்லையை மாற்றினால் கணக்குக்குப் பொருளில்லை.

அடுத்ததாக, ஒரே ஒரு விளைபொருளை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்து செல்லுங்கள். நான் மிளகைத்தான் பரிந்துரைப்பேன். காபியில் கூட்டாக இறங்க வேண்டுமானால், பறித்த பழத்தை அன்றைக்கே பல்பர் என்னும் இயந்திரத்தில் இட்டுத் தோல் நீக்க வேண்டும், புளிக்க வைத்துக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், கழுவிய நீர் ஓடையில் கலக்காதபடி தனி ஏற்பாடு வேண்டும், உலர்த்தக் களம் வேண்டும். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தக் காபிதான் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு குழுவுக்கு இது பெரிய சுமை. மிளகு அப்படியல்ல. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்து ஒரு கிலோ ஆகிறது. காம்பு நீக்கிய மிளகை ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கியெடுத்துக் காயவைத்தால் நிறம் சீராகக் கறுக்கும், காயும் நாளும் குறையும். தேவைப்படுபவை ஒரு பெரிய அண்டா, மூங்கில் கூடை, சுத்தமான தார்ப்பாய்கள் ஆகியவை மட்டுமே.

மிளகு விற்கும் இடத்தில் நின்று பார்க்கும்போது நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கொடியில் இருக்கும்போதே விலை பேசி முன்பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர். சாக்குக்கும் ஈரத்துக்கும் தூசிக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள். எடைத் தராசு விற்பவர் பார்வையில் படும்படி இருக்கிறதா. லிட்டர் எடை பார்க்கிறார்களா. ஒரு லிட்டர் படியில் தலைதட்டி அளந்த மிளகு 550 கிராம் இருந்தால் அது நல்ல திரட்சியான மிளகு. இந்த அளவை வியாபாரிக்குத் தெரியும், விளைவித்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒரு லிட்டர் படியையும் ஒரு சிறு தராசையும் கூட்டத்துக்குக் கொண்டுபோய், அவரவர் மிளகை அவரவரே அளந்து பார்க்கச் செய்வது, எத்தனையோ பயிற்சி வகுப்புகளைவிடப் பயனுள்ளது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்து வாங்கும் வியாபாரியைச் சுரண்டுகிறவர் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் மிளகை மட்டும் வாங்குவதில்லை. நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போக ஜீப்புக்குப் பணம் கொடுப்பவரும், மகள் கல்யாணத்துக்கு முன்பணம் தருபவரும், விற்ற அன்றைக்கே முழுத் தொகையையும் கையில் வைப்பவரும் அவர்தான். குறைந்த விலை என்பது பெருமளவுக்கு அந்தக் கடனுக்கான வட்டி. எனவே அவசரக் கடனுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் கொள்முதல் நிலையம் திறந்தால், முதல் ஆண்டு ஆர்வத்தோடு வந்தவர்கள் இரண்டாம் ஆண்டு அவரிடமே திரும்பிப் போவார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது.

அந்த மாற்று ஏற்பாடு பெரும்பாலும் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் நம் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் தொடங்கியவை. 1992இல் வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு அவை நாடெங்கும் பரவின. குழு தன் உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடனில் ஒரு பகுதியை மருத்துவம் போன்ற அவசரத்துக்கென்று ஒதுக்கி, ஒரே நாளில் கிடைக்கும்படி செய்துகொள்ளலாம். ஆனால் குழுவின் சேமிப்பைக் கொண்டு மிளகு வாங்காதீர்கள். விலை இறங்கினால் வியாபாரத்தில் நட்டம் வரும். அந்த நட்டம் பெண்களின் சேமிப்பைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி வங்கிப் புத்தகம், முடிந்தால் தனித்தனிப் பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும்.

கண்டறிந்தவற்றைப் பெரிய தாள்களில் எழுதி, எவருடைய பெயரும் இல்லாமல், கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. அறுவடைக்கு முந்தைய அக்டோபர் 2 பொருத்தமானது. அங்கே எழும் திருத்தங்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கடுக்காய், தேன் போன்ற வனப்பொருள்களும் உங்கள் ஊரில் உண்டு என்றால், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கோரப்பட்டுள்ளதா என்பதையும் அதே சபையில் கேட்டுவிடலாம்.

அதன் பிறகும் உடனே பதிவுக்கு ஓட வேண்டாம். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள அன்டிகோனிஷ் ஊரில், 1928இல் பல்கலைக்கழகமே ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கி, மீனவர்களையும் விவசாயிகளையும் வீடுகளில் சிறு சிறு படிப்பு வட்டங்களாகக் கூடச் செய்தது. கடன் சங்கங்களும் மீன் பதனிடும் கூட்டுறவுகளும் அந்தப் படிப்பிலிருந்தே பிறந்தன. நம் ஊரிலும் பத்துப் பதினைந்து பேர் ஆறு மாத காலம் வாரம் ஒரு மாலை கூடி, ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கணக்கை எடுத்துப் படித்தால் போதும்: ஒரு வாரம் எடைச் சீட்டு, ஒரு வாரம் வங்கிக் கடன் பத்திரம், ஒரு வாரம் சேலத்துச் சந்தையான லீ பஜாரில் அன்றைய விலைக்கும் ஊரில் கொடுத்த விலைக்கும் உள்ள இடைவெளி.

நாங்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தோம். நிதியாண்டு முடிவதற்குள் தொகையைச் செலவிட வேண்டும் என்று நிதி கொடுத்தவர்கள் அவசரப்படுத்த, ஓர் உலர்த்தும் இயந்திரத்தை வாங்கி மேலே ஏற்றிவிட்டோம். அந்த ஊரில் மும்முனை மின்சாரம் இல்லை. இரண்டு மழைக்காலம் அது தார்ப்பாயின் கீழ் நின்றது. ஊரார் கேட்டிருந்ததோ அந்தத் தார்ப்பாயைத்தான்.

இப்போது சட்ட வடிவம். முதலில், மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் உங்கள் பகுதியில் இயங்குகிறதா, அதில் உங்கள் ஊரார் உறுப்பினர்களா என்று பாருங்கள். இருக்கிற அமைப்பைத் தட்டியெழுப்புவது புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிடச் செலவு குறைந்தது. 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்து எளிதாகப் பதியலாம், ஆனால் இலாபத்தைப் பகிரும் வியாபாரத்துக்கு அது ஏற்றதல்ல. 1983ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டத்தில் அரசின் துணையும் உண்டு, பதிவாளரின் கட்டுப்பாடும் உண்டு. விளைவிப்பவர்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் குறைந்தது பத்து உற்பத்தியாளர்களும் ஐந்து இயக்குநர்களும் வேண்டும். பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான் என்பது அதன் சிறப்பு. ஆனால் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யத் தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். தணிக்கையாளருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் தொகையைக் கொள்முதல் இலாபத்திலிருந்து எடுக்க முடியுமா என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, முடியும் என்றால் மட்டும் இந்த வழியில் போங்கள்.

வடிவத்தைவிட முக்கியமானது, யார் உறுப்பினர் என்பது. சேலத்திலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு, ஜவ்வரிசியையும் கிழங்கு மாவையும் தன் கிடங்குகளில் இருப்பு வைத்து, அந்த இருப்பின் பேரில் முன்பணம் கொடுத்து, டெண்டர் மூலம் விற்றுத் தருகிறது. வியாபாரிகளை மட்டுமே நம்பியிருந்த ஆலைக்காரர்களுக்கு அது பேருதவி. ஆனால் அதன் உறுப்பினர்கள் ஆலை நடத்துகிறவர்களே தவிர, மரவள்ளி பயிரிடுகிறவர்கள் அல்லர். கிழங்கின் விலை இறங்கும் ஆண்டில் விவசாயி யாரிடம் போய் முறையிடுவது? உறுப்பினர் பட்டியல் எங்கே முடிகிறதோ அங்கேயே பயனும் நின்றுவிடுகிறது. உங்கள் மிளகு அமைப்பில் நிலப் பட்டா உள்ளவர்கள் மட்டுமே உறுப்பினர் என்று விதி எழுதினால், கொடியேறிப் பறிக்கிற கூலிக்காரரும், மிளகைக் காயவைக்கிற பெண்ணும் முதல் நாளே வெளியே நிற்பார்கள். பட்டா கணவர் பெயரில் இருந்தாலும் மனைவிக்கும் தனி உறுப்பினர் உரிமை என்று எழுதுங்கள்.

கொள்முதல் நாளில் இரண்டு பேர் சேர்ந்தே எடை போட வேண்டும். தராசின் முகம் விற்பவரைப் பார்த்திருக்க வேண்டும். எடையும் லிட்டர் எடையும் கழிவும் எழுதிய சீட்டு அப்போதே அவர் கையில் போக வேண்டும். கொள்முதல் பதிவேடு, இருப்புப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு ஆகிய மூன்றும் அன்றைய மாலையே ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். விலையில் பெரும்பகுதியை அன்றே கொடுத்துவிட்டு, மீதியை விற்ற பிறகு கொடுக்கலாம். ஆனால் மீதி வரும் நாளைச் சீட்டிலேயே குறித்துவிட்டு, அந்த நாளில் தவறாமல் கொடுக்க வேண்டும்.

ஓராண்டு கழித்து, அதே மாதத்தில், அதே வீட்டாரை அழைத்து, பழைய வரைபடத்தின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் கோலப்பொடியையும் புளியங்கொட்டைகளையும் எடுங்கள். பெண்கள் அமர்வைத் தனியாகவே நடத்துங்கள். எல்லாக் கொட்டைகளும் வைக்கப்பட்ட பிறகு, அரிசி வட்டத்தையோ படிப்பு வட்டத்தையோ எண்ணுவதற்கு முன், வட்டி வட்டத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள்; யாருடைய உள்ளங்கையாவது மூடியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.