பழைய இருட்டு வீடு: சீமெந்துப் பையைப் பிரிக்குமுன்

போன கிழமை மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் ஒரு பழைய வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள். பெண்ணின் அம்மம்மா இருந்த வீடு. நம் பக்கத்து வழக்கப்படி தாயிடம் வந்து, இப்போது மகளிடம் வந்திருக்கிறது. பகல் பதினொரு மணிக்கும் நடு அறையில் லைற் போடாமல் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. அது எனக்குப் பழகிய விஷயம். வாசலில் கால் வைத்ததும் கண்ணில் குத்தியது வேறு. விறாந்தையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினொரு சீமெந்துப் பைகள்.

"இவ்வளவும் எதுக்கு தம்பி?"

"சுவரெல்லாம் பொருமிப் போய்க் கிடக்கு அன்ரி. பழைய பூச்சைக் கொத்திப்போட்டு நல்லாச் சீமெந்து பூசி, பெயின்ற் அடிக்கப் போறம்."

2010ஆம் ஆண்டு ஆரையம்பதியில் என் அம்மம்மா வீட்டு விறாந்தையில் நின்று, இதே வசனத்தை நானும் சொன்னேன். அதற்கு நான் கட்டிய விலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும். பழைய இருட்டு வீட்டை வெளிச்சமாக்கப் போய் நாம் விடும் பிழைகள் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அளவெடுக்காமல் திரைச்சீலை வாங்குவது, தரையை மூடாமல் பெயின்ற் அடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு நாள் கவலை.

வெள்ளை அடித்தால் வெளிச்சம் வரும் என்று நம்புவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். பெயின்ற் வெளிச்சத்தை உண்டாக்காது, வந்த வெளிச்சத்தைத் திருப்பி மட்டும் அனுப்பும். வெளிச்சமே வராத அறையில் வெள்ளை வெளேரென்று அடித்தால் சுவர் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பார்க்க ஆஸ்பத்திரி நடைபாதை போல இருக்கும். உள் அறைக்கு இளமஞ்சள் அல்லது தேங்காய்ப்பால் நிறம் போதும்.

வெள்ளை வேண்டிய இடம் வீட்டுக்கு வெளியே. யன்னலுக்கு எதிரே நிற்கும் மதில், கூரை இறக்கத்தின் அடிப்பக்கம், யன்னலின் இரு பக்கச் சுவர்த் தடிப்பு ஆகிய மூன்றுக்கும் வெள்ளை அடியுங்கள். பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பு கறுத்துக் கிடந்தால் வரும் வெளிச்சத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடும். ஒரு சின்ன வாளிப் பெயின்ற், ஒரு நாள் வேலை. அதற்கும் முன்னால் யன்னலை மறைத்து நிற்கும் கொய்யாவின் இரண்டு கொப்பை வெட்டுங்கள். அதற்குக் காசே இல்லை.

சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசுவது

இதில்தான் நான் விழுந்தேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பூச்சு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. அறையும் இருட்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைத்து, இரண்டு காப்பை அடகு வைத்தேன். வந்த மேசன் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, நல்ல தடிப்பாகச் சீமெந்து பூசினார். அதன்மேல் பட்டி. அதன்மேல் கழுவக்கூடிய பளபளப்புப் பெயின்ற். கச்சான் காற்று வீசிய வறண்ட மாதங்களில் வீடு புதுப் பெண் மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் சுவரைத் தடவிப் பார்த்தார்கள், நானும் தடவிக் காட்டினேன்.

கார்த்திகை மழை தொடங்கியது. மார்கழி நடுவில், முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற ஈரக்கோடு யன்னல் கட்டைக் கடந்து மேலே போயிருந்தது. பெயின்ற் பலூன் போல ஊதியது. விரலால் குத்தினால் தண்ணீர் வடிந்தது. தையில் அந்த இடமெல்லாம் பஞ்சு மாதிரி உப்புப் பூத்தது. அடுத்த மாரியில் ஒரு இரவு, அலுமாரிக் கதவு அளவு பாளம் ஒன்று அப்படியே கழன்று விழுந்தது. கீழே படுத்திருந்த பூனைக்கு ஆயுள் கெட்டி.

அப்போதுதான் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வயதான மேசனைக் கூட்டி வந்தேன். அவர் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். பொள்ளென்று கேட்டது. "புள்ள, சுவர் குடிச்ச தண்ணிய எதால விடும்? வாயெல்லாம் அடைச்சுப்போட்டீங்களே" என்றார்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துச் செங்கல் சுவர்களுக்கு அத்திவாரத்துக்கு மேலே ஈரம் தடுக்கும் படை எதுவும் கிடையாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் நம் ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் ஆழத்தில் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணிலுள்ள ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் அதைத் தடுக்கப் போவதில்லை, ஏறிய ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு அப்படி விடாது. மேலே பளபளப்புப் பெயின்றும் அடித்தால் சுத்தமாக விடாது. பக்கவாட்டில் வழி இல்லாத ஈரம் மேலே ஏறும். கூட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் தள்ளும். பூச்சு கழன்று விழுவது அதனால்தான். பூச்சுக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கடற்கரை மணலும் சேர்த்தால், உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியது மாதிரி.

சரி, முழங்கால் உயரத்துக்காவது ஈரம் ஏன் வந்தது? இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கிழவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பதில் கிடைத்துவிட்டது. பின்பக்கத்து வளவு மண் வீட்டுத் தரை மட்டத்துக்கு உயர்ந்து நின்றது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் விழுந்த ஓடுகளையும் கற்களையும் வெளியே கொண்டுபோய்க் கொட்ட வசதியில்லாமல், வளவிலேயே பரப்பி மண் போட்டு மூடியதாக அம்மா சொல்வார். அதற்குப் பிறகும் வருடா வருடம் குப்பையும் மண்ணும் சேர்ந்திருக்கிறது. போதாக்குறைக்குக் கூரைப் பீலியின் ஒரு முனை உடைந்து, மழைத் தண்ணீர் நேரே சுவரடியில் கொட்டியது.

இரண்டு பேர் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்து ஒரு முழம் மண்ணை இழுத்துவிட்டு, பீலித் துண்டு ஒன்றை மாற்றியிருந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். நான் அடித்த பளபளப்புப் பெயின்றின் விலைகூட வந்திராது. என் எரிச்சல் அந்த மேசன் மேல் இல்லை. அவர் கேட்டதைச் செய்தார். வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்க்காமல் அடகுக் கடைக்குப் போன என் புத்தியின் மேல்தான்.

திருத்தியதும் சுகமாக முடியவில்லை. சீமெந்து பழைய செங்கல்லைவிடக் கடினம், ஆகவே கொத்தும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. முகம் போன கற்களை மாற்றினோம். அப்புறம் ஒரு முழு வெயில் காலம் சுவரை வெறுமனே காய விட்டோம். விருந்தாளி வந்தால் வெட்கம், ஆனால் வேறு வழியில்லை. பிறகு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல் என்று பூசினோம். கச்சான் காற்று பூச்சை அவசரமாகக் காயவைத்து வெடிக்கப் பண்ணும் என்பதால், நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காவல் இருந்தோம். முற்காலத்தில் முருகைக்கல்லும் சிப்பியும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது கரையோரத்தில் முருகைக்கல் எடுக்கத் தடை, ஆகவே கடையில் கிடைக்கும் சுண்ணாம்பை வாங்கி நாள்கணக்கில் ஊறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். கடைசியில் மஞ்சள் காவி கலந்த சுண்ணாம்பை, தண்ணீர் போல, ஐந்து தரம் மெல்லியதாக அடித்தோம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் காலை வெயில் பட்டால் அது தரும் மெல்லிய ஒளி எந்த வாளிப் பெயின்றிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் வீடு எந்த வகை என்று தெரியாவிட்டால், ஆணியால் கல் இடுக்கைச் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பொலபொலவென்று உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து. ஆணிதான் தேய்கிறது என்றால் சீமெந்து, இந்தக் கதை உங்களுக்கு இல்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒரு சாண் பொலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் இல்லை, யன்னலைத் திறங்கள்.

கண்ணாடி ஓட்டைக் கண்ட இடத்தில் போடுவது

ஓட்டு வீட்டின் இருட்டுக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது. பழைய ஓட்டின் அச்சுக்குப் பொருந்தும் கண்ணாடி ஓடு மூன்று நாலு இருந்தால் ஒரு நடு அறைக்குப் போதும். ஆனால் மேற்குச் சரிவில் போட்டால் பின்னேரம் அறை போறணை ஆகிவிடும். கிழக்குச் சரிவு நல்லது. கட்டிலுக்கு நேர் மேலே வேண்டாம்.

வெளிநாட்டுக்காரரின் வீட்டு அலங்காரக் குறிப்புகளில் வடக்கு வெளிச்சம் குளிர்ச்சியானது, வெயில் படாது என்று இருக்கும். அது அவர்கள் நாட்டுக்கு. மட்டக்களப்பு பூமத்திய கோட்டிலிருந்து வடக்கே 8 பாகைக்குள் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்புக்குச் சில நாள் முன்பு சூரியன் நம் உச்சிக்கு வந்து, ஆவணி நடுப்பகுதி வரை நமக்கு வடக்கேதான் நிற்கிறது. கொதிக்கும் மாதங்களில் வடக்குச் சரிவுக்கு நல்ல வெயில். நம்பிப் போட்டு நான் இரண்டு ஓட்டைத் திரும்பக் கழற்றினேன்.

பழைய சீட்டை அறுப்பது

கூரையில் இருப்பது பழைய அஸ்பெஸ்ரஸ் சீட் என்றால் வெளிச்சத்துக்காக அதை அறுக்கவோ துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசி புற்றுநோய் தரும்.

மரத்துக்குக் கழிவு ஒயில் பூசுவது

கறையானுக்கு நல்லது என்று வாகனத்திலிருந்து இறக்கிய கறுத்த ஒயிலைத் தீராந்திக்கும் சலாகைக்கும் பூசுகிறார்கள். அன்றிலிருந்து கூரையின் உள்பக்கம் அமாவாசைதான். மனம் மாறி மேலே வெளிர் நிறம் அடிக்கலாம் என்றால் எந்தப் பெயின்றும் பிடிக்காது, ஒயில் ஊறி ஊறி வெளியே வரும். முதிரை, பாலை மரம் என்றால் பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. தூசி தட்டித் துடைத்தாலே மரம் ஒரு படி வெளிறும்.

சிவப்புத் தரையை மூடுவது

பழைய சிவப்புச் சீமெந்துத் தரை இருட்டுக்குக் காரணம் என்று ஒருவர் சொன்னால், அவர் டைல்ஸ் விற்பவரா என்று கேளுங்கள். டைல்ஸ் பதித்தால் தரை இரண்டு அங்குலம் உயரும், கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், வாசற்படி தடுக்கும். தரை வழியே வெளியேறிய ஈரமும் சுவர்ப் பக்கம் போகும். மேலே எழுதிய கதை திரும்பத் தொடங்கும். கழுவி, காயவைத்து, சிவப்பு மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் தேயுங்கள். நன்றாகத் தேய்த்த சிவப்புத் தரை கதவடியில் வரும் வெளிச்சத்தை அறையின் மறுமுனை வரை கொண்டுபோகும். வெடிப்பு இருந்தால் இருக்கட்டும். என் வீட்டுத் தரை வெடிப்பு ஒன்று வாழைச்சேனைப் பக்கத்து வரைபடம் மாதிரி இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

நடுச்சுவரை இடிப்பது

கூரை அதன்மேல் நிற்கிறது. வேண்டாம்.

தீபாவளிக்குள் முடிக்க நினைப்பது

ஐப்பசியில் பெயின்ற் அடித்தால் கார்த்திகையில் உரியும். தை போகட்டும்.

யன்னலுக்கு முன்னால் அலுமாரி

சிரிக்காதீர்கள். பத்து வீட்டில் ஆறு வீட்டில் பார்த்திருக்கிறேன். சீதனமாக வந்த பெரிய அலுமாரி, வைக்க வேறு சுவர் இல்லை என்று யன்னலில் பாதியை அடைத்து நிற்கும். மீதிப் பாதிக்குத் தடித்த மெரூன் திரை. அலுமாரியை யன்னல் இருக்கும் சுவரிலிருந்து எடுத்து, யன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். அதன் கண்ணாடிக் கதவு வெளிச்சத்தைத் திருப்பி எறியும். திரைக்குப் பழைய வெள்ளைப் பருத்திச் சேலை போதும். பல்ப் வாங்கும்போதும் நீலம் கலந்த வெள்ளையை விட்டு மஞ்சள் சாயல் உள்ளதை வாங்குங்கள். சுண்ணாம்புச் சுவருக்கும் சிவப்புத் தரைக்கும் அதுதான் பொருந்தும்.

களுவாஞ்சிகுடிப் பிள்ளைகள் இப்போது பின்வளவு மண்ணை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினொரு பையில் மூன்று பைச் சீமெந்து கிணற்றடிக்குப் போய்விட்டது, அங்கே அதற்கு உண்மையாகவே வேலை இருந்தது. மீதி எட்டையும் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறாராம் கடைக்காரர். மழைக்கு முன் யாராவது கிணறு கட்டுகிற ஆள் அகப்படுவாரா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.