வார இறுதிப் பயணம்: ஜெர்மனிக்குப் படிக்க வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

அக்டோபரில் குளிர்காலப் படிப்புப் பருவம் (செமஸ்டர்) தொடங்குகிறது. நவம்பருக்குள் புதிதாக வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் "இந்த சனிக்கிழமை எங்கே?" என்ற கேள்வி வந்துவிடும். போகத்தான் வேண்டும். இவ்வளவு ரயிலும் ஊரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அறைக்குள் அடைந்து கிடப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ஆண்டுதோறும் அதே அபராதம், அதே ஞாயிறு இரவுப் பதற்றம். குடை, பவர் பேங்க் போன்ற சின்ன மறதிகளை விட்டுவிடுவோம். பெரிய தவறுகளுக்கெல்லாம் காரணம் ஒன்றே: போகும் வழியை நிமிடக் கணக்கில் பார்ப்பவர்கள், திரும்பும் வழியைப் பார்ப்பதில்லை.

விசா முடிந்து, குடியிருப்பு அட்டை வராத இடைவெளியில் எல்லை தாண்டுவது

இதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு. எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறும் இதுதான்.

ஊரிலிருந்து வரும்போது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது டி வகை தேசிய விசா. பலருக்கு அது மூன்று அல்லது ஆறு மாதத்துக்குத்தான் இருக்கும். அது செல்லுபடியாகும் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது பொது விசா ஏற்பாட்டில் உள்ள ஐரோப்பிய நாடுகளுக்கு, போகலாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். அது முடிவதற்குள் ஆஸ்லெண்டர்பெஹோர்டே என்ற வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய நகரங்களில் சந்திப்பு நேரம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். கைரேகை கொடுத்த பிறகும் பிளாஸ்டிக் அட்டை அச்சாகி வரச் சில வாரங்கள் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் ஆபத்து.

டிரெஸ்டனில் படிப்பவர்களுக்குச் செக் தலைநகர் ப்ராக் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள். விசா ஜனவரியில் முடிந்திருக்கும். "உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது" என்ற தானியங்கி மின்னஞ்சல் மட்டும் கையில் இருக்கும். அதை அச்செடுத்து மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். போகும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். திரும்பும் ரயிலில், எல்லையோர ஊரான பாட் ஷாண்டாவ் பக்கம் ஜெர்மன் கூட்டாட்சிப் போலீஸ் ஏறும். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் திரும்புகிறவர்களுக்கு எல்லையோர ஊரான ஃப்ரைலாஸிங்கில் இதே சோதனை. அதிகாரி முதலில் பார்ப்பது விசாவின் தேதியை. மின்னஞ்சல் தாள் அவருக்கு எதையும் நிரூபிக்காது. ரயிலிலிருந்து இறக்கி, அலுவலகத்தில் உட்கார வைத்து, கணினியில் சரிபார்ப்பார்கள். சனி, ஞாயிறில் வெளிநாட்டவர் அலுவலகம் மூடியிருக்கும் என்பதால் உங்கள் விண்ணப்பத்தை உறுதிசெய்ய அங்கே ஆள் இருக்காது. அந்தப் பக்கம் செக் போலீஸிடம் மாட்டினால் நிலைமை இன்னும் மோசம்: அவர்கள் பார்வையில் நீங்கள் செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் அந்த நாட்டில் இருப்பவர். பிறகு அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பதிவுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வரலாம். ஒரு சனிக்கிழமைக்காக அந்த வில்லங்கம் தேவையா?

செய்ய வேண்டியது இது. விசா முடிவதற்குக் குறைந்தது எட்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். முடியும் தேதிக்கு ஒரு நாள் கழித்து விண்ணப்பித்தால் மொத்தக் கணக்கும் மாறிவிடும். அதற்குப் பயணத்தோடு சம்பந்தமே இல்லை, படிப்புக்கே ஆபத்து. சந்திப்பு தள்ளிப்போனால் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்றை எழுத்தில் கேளுங்கள். கட்டணம் 13 யூரோ. கேட்காமல் தர மாட்டார்கள் பல ஊர்களில்.

சான்று கைக்கு வந்ததும் பையைத் தூக்காதீர்கள். உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். எதில் குறியிட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாவது கட்டம், அதாவது குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு: பழைய அனுமதி தொடர்வதாகக் கருதப்படும் என்று பொருள். இது இருந்தால், முடிந்துபோன விசாவையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டி மீண்டும் ஜெர்மனிக்குள் வரலாம். முதல் இரண்டு கட்டங்களில் குறி இருந்தால் நாட்டை விட்டு வெளியே போகவே கூடாது. மூன்றாவதாக இருந்தாலும், அயல்நாட்டு விமான நிலையத்தில் செக்-இன் ஊழியருக்கு இந்தத் தாள் பழக்கமில்லாமல் போகலாம். ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றினால் அபராதம் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் தயங்காமல் மறுப்பார்கள். அட்டை வரும் வரை பாம்பெர்க், ஹைடல்பெர்க், லூபெக் என்று நாட்டுக்குள்ளேயே சுற்றுங்கள். அவற்றைப் பார்த்து முடிக்கவே ஒரு பருவம் போதாது.

இன்னொன்று: லண்டன், டப்ளின், சைப்ரஸ் மூன்றும் ஷெங்கனுக்கு வெளியே. அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கின்றனவே என்று கிளம்பாதீர்கள். குரோவேஷியா 2023 முதல் உள்ளே. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி முதல் முழுமையாக உள்ளே.

பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போவது

குடியிருப்பு அட்டை தனியாகச் செல்லாது. எல்லை தாண்டினால் இரண்டும் வேண்டும்.

கடைசி ரயிலை நம்புவது

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற நாடு தழுவிய மாதச் சந்தாவில், ரயில்களில் வட்டார ரயில்கள் மட்டும்: ஆர்இ, ஆர்பி, எஸ்-பான். ஐசி, ஐசிஇ என்ற தொலைதூர விரைவு ரயில்கள் கிடையாது. ரயில் செயலியில் "வட்டார ரயில்கள் மட்டும்" என்ற வடிகட்டியைப் போடாமல் தேடினால் நடுவில் ஒரு ஐசி நுழைந்துவிடும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ.

வட்டார ரயிலில் தொலைவு போகிறவர்கள் மூன்று நான்கு முறை மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செயலி ஆறு நிமிடம், எட்டு நிமிடம் என்று கொடுக்கும். முதல் ரயில் பத்து நிமிடம் தாமதமானாலே சங்கிலி அறுந்துவிடும். நீங்கள் மாறுவது மணிக்கு ஒரு ரயில் ஓடும் பாதை என்றால், அந்தப் பத்து நிமிடம் அறுபது நிமிடமாகும். தாமதம் என்று சொல்லி இந்த டிக்கெட்டோடு ஐசிஇ-யில் ஏறவும் முடியாது. ஆகவே ஞாயிறு மாலை நீங்கள் பிடிக்க நினைக்கும் ரயிலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு இணைப்புகளாவது இருக்கட்டும்.

வெள்ளி இரவு திரும்பும் பாதையை ஒருமுறை மறுபடி தேடுங்கள். தண்டவாள வேலைகள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கும். எஸ்இவி என்று காட்டினால் ரயிலுக்குப் பதில் பேருந்து. உங்கள் டிக்கெட் அதில் செல்லும். ஆனால் பேருந்து நிற்கும் இடம் பல நேரம் நிலைய வாசலில் இருக்காது; அடுத்த தெருவில் இருக்கும். அறிவிப்புப் பலகையில் தெருப் பெயர் போட்டிருப்பார்கள், முதலிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரியும் ரயில்களும் உண்டு. மியூனிக்கிலிருந்து ஆல்ப்ஸ் அடிவாரம் போகும் பிஆர்பி நிறுவனத்தின் ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் பிரிகிறது: ஒரு பகுதி பைரிஷ்ட்செல் போகும், மற்றது ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரிந்து டேகர்ன்ஸேவுக்கும் லெங்கிரீஸுக்கும் போகும். நீங்கள் ஏறிய பெட்டியின் பலகையில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அங்கேதான் போய்ச் சேருவீர்கள். நண்பர்கள் முன்பெட்டியில், நீங்கள் பின்பெட்டியில் என்றால் மதியம்தான் சந்திப்பு.

படகுக்கும் இதே விதி. கோனிக்ஸே ஏரியில் ஸாங்க்ட் பார்த்தலோமே, ஸாலெட் துறைகளிலிருந்து கரையோரமாக நடந்து திரும்பப் பாதை இல்லை. செங்குத்துப் பாறை நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. இறங்கியவுடன் துறையில் ஒட்டியிருக்கும் கடைசிப் படகு நேரத்தைப் பாருங்கள். பருவத்துக்கு ஏற்ப அது மாறும். கடைசிப் படகுக்குக் கூட்டம் அள்ளும், அதற்கு முந்தைய படகே நல்லது.

ஸ்விட்சர்லாந்தையும் ஜெர்மனி மாதிரியே நினைப்பது

ஷெங்கனுக்குள் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆகவே ஒன்றியத்தின் இலவச ரோமிங் விதி அங்கே கட்டாயமில்லை. சில திட்டங்களில் சேர்த்திருப்பார்கள், பலவற்றில் இல்லை. எல்லையோர ஊரான கான்ஸ்டான்ஸில் நின்றாலே போன் ஸ்விஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிட்டு வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

மருத்துவம் இன்னும் முக்கியம். அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய சுகாதார அட்டை. அதைப் பார்த்துவிட்டு எங்கும் செல்லும் என்று நம்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், ஸ்விட்சர்லாந்து ஆகியவற்றில் அது செல்லாது. மலையில் கால் பிசகினால் எக்ஸ்ரே செலவு முழுவதும் உங்கள் பணம்தான். ஆண்டு முழுமைக்கும் தனிப் பயணக் காப்பீடு பத்து இருபது யூரோவுக்குள் கிடைக்கும். மலை மீட்பும் ஊர் திரும்பும் செலவும் அதில் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

திங்கள் காலைத் தேர்வுக்கு முதல் நாள் இரவு திரும்புவது

வேண்டாம். ரயில் தாமதத்தைப் பொதுவாகக் காரணமாக ஏற்க மாட்டார்கள். பல பாடத்திட்டங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளும் பயணத்தின் நடுவில் வந்து விழும். பதிவு செய்யும் இணையதளத்தில் கிளம்பும் முன்பே உள்நுழைந்து முடித்துவிடுங்கள்.

ஞாயிறு கடை

கிடையாது. சனி மாலைக்குள் வாங்குங்கள்.

ரத்து செய்யாமல் ஊருக்குப் பறப்பது

பல்கலைக்கழகக் கட்டணத்தோடு பருவ டிக்கெட் வந்தால் கவலையில்லை. தனியாக டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்தவர்களுக்குத்தான் இது. அது மாதச் சந்தா. 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. பிப்ரவரி கடைசியில் தேர்வு முடிந்து மார்ச் முழுக்க ஊரில் இருக்கப் போகிறீர்கள் என்றால், பிப்ரவரி 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். 11-ஆம் தேதி செய்தால் மார்ச்சுக்கும் பணம் போகும். ஏப்ரலில் திரும்பி வந்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.