சாமத்தில தன்ரபாட்டில பத்திற ஸ்மார்ட் லைற்: பிழை எங்க எண்டு பிடிக்கிற வழி

லைற் தன்ரபாட்டில பத்துது எண்டா எங்கட ஆக்கள் முதல் செய்யிறது ரீசெட் அடிக்கிறதுதான். ஆப்பில இருந்து அழிச்சு, பல்ப்பை அஞ்சாறு தரம் போட்டு நூர்த்து, திரும்பப் புதுசாச் சேர்க்கிறது. தயவுசெய்து அதை முதல் செய்யாதேங்கோ. ரீசெட் அடிச்சா பிழை சிலவேளை போகும் சிலவேளை போகாது, ஆனா எதால வந்தது எண்டு காட்டுற தடயம் கட்டாயம் போயிடும், பேந்து அடுத்த கிழமை அதே லைற் சாமத்தில பத்தேக்க வீட்டில பெரியாக்கள் ஐயரைக் கூப்பிட்டு ஒரு நூல் கட்டுவமோ எண்டு கேக்கத் தொடங்கிடுவினம்.

முதல் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து வையுங்கோ, போன்ல எழுதினாலும் சரி. லைற் பத்தின நேரத்தை நிமிசத்தோட எழுதுங்கோ. "ராத்திரி ஒரு ரெண்டு மணி போல" எண்டு எழுதினா பிரயோசனமில்லை, 2:07 எண்டு வேணும். பக்கத்தில அந்த நேரம் மழையோ, மோட்டர் ஓடினதோ, ஃபான் ஒருக்கா மெதுவாகினதோ எண்டும் ஒரு வரி போடுங்கோ. நித்திரையில இருந்தா நேரம் தெரியாதுதான், அதுக்கு ஆப்பில ஹிஸ்ரி இருக்கோ எண்டு பாருங்கோ, ஈவீலிங்க், கூகிள் ஹோம், ஹோம் அசிஸ்டன்ட் எல்லாத்திலயும் ஏதோ ஒரு வகையில இருக்கு, ஹோம் அசிஸ்டன்ட் லொக்புக்கில எந்த ஓட்டோமேசனால பத்தினது எண்டே கனவேளை எழுதியிருக்கும். நாலஞ்சு தரம் எழுதினாக் காணும். ஒவ்வொரு நாளும் ஒரே நிமிசமோ, ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத நேரமோ, எல்லா லைற்றும் ஒரேயடியாவோ, ஒண்டு மட்டுமோ, இந்தப் பதில்களை வச்சுத்தான் மிச்ச வேலை முழுக்க.

கனக்க லைற் ஒரேயடியாப் பத்தினா அது கரண்ட். கிட்டத்தட்ட எப்பவும் கரண்டுதான். ஸ்மார்ட் பல்ப்பை ஆப்பால நூர்த்தாலும் உள்ளுக்க இருக்கிற வைஃபை சிப் முழிச்சுக்கொண்டுதான் இருக்கும், கரண்ட் போய் வந்தா அந்தச் சிப்புக்கு நீங்கள் சுவரில சுவிச்சைப் போட்டனீங்களோ இல்லாட்டி மின்சார சபை திரும்பக் கரண்ட் தந்ததோ எண்டு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. சுவிச்சைப் போட்ட மனிசனுக்கு வெளிச்சம் வரவேணும் எண்டு நினைச்சு, கரண்ட் வந்தா பத்தோணும் எண்டுதான் கனக்கக் கம்பனிகள் செற் பண்ணி விக்கிறவை. 2025 பெப்ரவரி 9 பாணந்துறை கிரிட் சப்ஸ்டேசனுக்குள்ள குரங்கு பூந்து இலங்கை முழுக்க கரண்ட் போச்சுதே, அந்த மாதிரி நீளமாப் போய் வந்தா காரணம் எல்லாருக்கும் விளங்கும். ஆளைக் குழப்பிறது சாமத்தில ஒரு செக்கனுக்குள்ள போய் வாறதுதான், நீங்கள் நித்திரையால எழும்பவும் மாட்டியள், ஆனா பல்ப் புதுசாப் பிறந்தது மாதிரி எழும்பி முழு வெளிச்சத்தில நிக்கும். கரண்ட் போய் வந்ததோ எண்டு அறியச் சின்ன வழி இருக்கு: பட்டரி இல்லாம பிளக்கில ஓடுற டிஜிட்டல் மணிக்கூடு இருந்தா காலம 12:00 எண்டு கண்ணடிச்சுக்கொண்டிருக்கும், இல்லாட்டி றவுட்டர் செற்றிங் பக்கத்தில அப்டைம், அதாவது அது நிக்காம எவ்வளவு நேரமா ஓடுது எண்டு பாத்தாலும் இரவு எத்தினை மணிக்கு அது திரும்பத் தொடங்கினது எண்டு கணக்குப் பாக்கலாம்.

எங்கட பக்கத்தில இன்னொரு காரணமும் இருக்கு, அதை வெளிநாட்டு வீடியோக்களில ஒருத்தரும் சொல்ல மாட்டினம். கிணத்து மோட்டர். மோட்டர் ஸ்ரார்ட் ஆகேக்க ஓடுறதுக்கு எடுக்கிறதைவிடப் பல மடங்கு கரண்டை ஒரு கணம் இழுக்கும், வயரிங் பழசு எண்டா, இல்லாட்டி வீடு லைனின்ர கடைசியில இருந்தா, வோல்ட்டேஜ் அந்தக் கணத்தில கீழ இறங்கும். மலிவான பல்ப் அந்த இறக்கத்தையே கரண்ட் போய் வந்ததாத்தான் எடுக்கும். இப்ப கனக்க வீட்டில மேல் ராங்கிக்கு ஓட்டோமற்றிக் கொன்ட்ரோலர் பூட்டியிருக்கு, சாமத்தில ஆரோ ரொயிலெட்டுக்குப் போய்த் தண்ணி திறக்க, ராங்கி மட்டம் இறங்க, மோட்டர் தானா எழும்ப, விறாந்தை லைற் பத்தும். ஆர் போட்டது எண்டு விடிய விடியச் சண்டை. சோதிக்கிறது லேசு: எல்லா ஸ்மார்ட் லைற்றையும் ஆப்பால நூர்த்துப்போட்டு மோட்டரை நாலஞ்சு தரம் போட்டுப் பாருங்கோ. ஒண்டாவது பத்தினா ஆளைப் பிடிச்சிட்டியள். இன்வேட்டர், ஜெனரேற்றர் மாறுற நேரத்திலயும் இதே கூத்துத்தான்.

திருத்திறதுக்கு ஆப்பில ஒவ்வொரு பல்ப்பையும் திறந்து செற்றிங்ஸில பவர் ஒன் பிஹேவியர், பவர் ஒன் ஸ்ரேற், பவர் ஒஃப் மெமரி எண்ட பேர்களில ஒண்டைத் தேடுங்கோ. ஸ்மார்ட் லைஃப் ஆப்பில ஓடுற சில பல்ப்புகளில டு நொட் டிஸ்ரேப் எண்டு இருக்கும், அதைப் போட்டா கரண்ட் வந்தாலும் நூர்ந்தபடி இருக்கும். பிலிப்ஸ் ஹியூவுக்கு இந்த வசதி 2018 கடைசியிலதான் வந்தது, அதால பழசை வாங்கி வச்சிருக்கிறவை ஒருக்கா சொஃப்ட்வெயார் அப்டேற் பண்ணிப்போட்டுத் தேடுங்கோ. இருக்கிற தெரிவுகளில 'கடைசியா இருந்த நிலை' எண்டதை எடுங்கோ, படுக்கிற அறைக்கு அது காணும். ஆனா ரொயிலெட், படிக்கட்டு லைற்றுகளை அப்பிடியே விடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், கரண்ட் வந்தவுடன வயசானவைக்கு அங்க வெளிச்சம் வாறது நல்லம், ஒரு லைற் சும்மா பத்தினதால ஒருத்தரும் விழுந்து காலை முறிக்கிறேல்ல. மாத்தின பிறகு வீட்டில எல்லாருக்கும் சொல்லியும் விடுங்கோ, ஏனெண்டா ஆப்பால நூர்த்த பல்ப் இனிமேல் சுவர் சுவிச்சைப் போட்டாலும் பத்தாது, அம்மா பல்ப் எரிஞ்சுபோச்செண்டு கழட்டி எறிஞ்சிடுவா.

அந்தத் தெரிவே இல்லாத பல்ப் எண்டா அதோட மல்லுக்கட்டாதேங்கோ, அதைச் சமையலறைக்கு மாத்திப்போட்டு படுக்கிற அறைக்கு வேற வாங்குங்கோ. பல்ப் பத்திறதோட நிக்காம விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தா அது பேரிங் மோட்டுக்கு, அதாவது ஆப்பில புதுசாச் சேர்க்கிறதுக்குக் காத்திருக்கிற நிலைக்குப் போயிருக்கு, கனக்கப் பல்ப்புகளை மூண்டு தொடக்கம் அஞ்சு தரம் கெதிகெதியா நூர்த்துப் போட்டா அந்த மோட்டுக்குப் போகும், மழைக் காத்துக்கு லைன் விட்டு விட்டு வந்தாலும் அதே கணக்குத்தான்.

இனி ஒவ்வொரு நாளும் ஒரே நிமிசத்தில பத்திற வகை. இது ஸ்கெடியூல், அதாவது ஆரோ நேரம் குறிச்சு வச்ச கட்டளை, வேற ஒண்டுமில்லை. ஆனா எங்க இருக்கிற ஸ்கெடியூல் எண்டதுதான் கேள்வி, ஏனெண்டா ஒரே பல்ப் ஸ்மார்ட் லைஃப்பிலயும் இருக்கும் அலெக்ஸாவிலயும் இருக்கும் கூகிள் ஹோமிலயும் இருக்கும், ஒண்டில அழிச்சா மற்றதில அழியாது. மூண்டையும் திறந்து ரைமர், சீன், ரூட்டீன் எல்லாத்தையும் பாருங்கோ. சில சுவிச்சுகள் ரைமரைத் தங்களுக்குள்ளயே வச்சிருக்கும், இன்டர்நெற் இல்லாட்டியும் அது வேலை செய்யும்.

ஸ்கெடியூல் பின்னேரம் ஆறு மணிக்கு எண்டு வடிவா இருக்கு, லைற் பத்திறதோ விடியப்புறம் நாலரைக்கு எண்டா உங்கட வீட்டு எக்கவுண்டை ஆர் திறந்தது எண்டு யோசியுங்கோ. கனடாவில இருந்து லீவில வந்த மகன் தன்ர எக்கவுண்டில எல்லாத்தையும் பூட்டித் தந்திட்டுப் போயிருப்பார், வீட்டு இடம் ரொறொன்ரோ எண்டே இருக்கும். ரொறொன்ரோ பின்னேரம் ஆறு மணி எங்களுக்கு அடுத்த நாள் விடியப்புறம் நாலரை, அங்க கோடை நேரம் மாத்தினா மூண்டரை. எங்கட நாட்டில மணிக்கூட்டை ஒருத்தரும் மாத்திறேல்ல, ஆகவே மார்ச்சில ஒருக்காவும் ஒக்ரோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில ஒருக்காவும் லைற் பத்திற நேரம் சரியா ஒரு மணித்தியாலம் பாஞ்சா அது வெளிநாட்டு நேரம் எண்டதுக்கு வேற சாட்சி தேவையில்லை.

பொழுதுபடேக்க பத்தோணும் எண்டு செற் பண்ணின லைற் இன்னும் குழப்படி. யாழ்ப்பாணத்தில பொழுது மார்கழியில ஆறு மணியளவிலயும் ஆனி ஆடியில ஆறரை தாண்டியும் படும், அரை மணித்தியாலம் சொச்சந்தான் வித்தியாசம். இடம் ரொறொன்ரோ எண்டு இருந்தா அதே லைற் மார்கழியில விடியப்புறம் மூண்டு மணி தாண்டிப் பத்தும், ஆனியில காலம ஆறரைக்குப் பத்தும். லண்டன் எண்டா மார்கழியில இரவு ஒன்பதரைக்குக் கிட்ட, ஆனியில சாமம் ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால. அதாவது நீங்கள் எழுதின நேரம் நாளுக்கு ஒரு நிமிசம் ரெண்டு நிமிசமா மெல்ல நகருது எண்டா ஆப்பில ஹோம் லொக்கேசனைப் போய்ப் பாருங்கோ, ரைம் ஸோனும் கொழும்பு எண்டு இருக்கோணும், ஒவ்வொரு டிவைஸுக்கும் தனித்தனியா இருந்தா எல்லாத்திலயும்.

அதே மகன்ர எக்கவுண்டால இன்னொரு கரைச்சலும் வரும். அங்க அவற்ற வீட்டு ஹோலில ஒரு அலெக்ஸா, இஞ்ச உங்கட ஹோலில ஒரு பல்ப், ரெண்டுக்கும் பேர் ஹோல் லைற். பேரப்பிள்ளை அங்க பள்ளிக்கூடத்தால வந்து ஹோல் லைற்றைப் போடச் சொன்னா இஞ்ச நீங்கள் சாமத்தில எழும்ப வேண்டியதுதான். அலெக்ஸா ஆப்பில அக்டிவிற்றிக்குள்ள வொய்ஸ் ஹிஸ்ரி இருக்கு, உங்கட நேரத்தோட ஒப்பிட்டா ஆற்ற குரல் எண்டே போட்டுக் கேக்கலாம். ரீவி நாடகத்தில ஆரோ கதைச்சதைத் தனக்குச் சொன்னதா எடுத்ததும் அதில பிடிபடும். பல்ப்புகளுக்குக் கோண்டாவில் ஹோல், கோண்டாவில் விறாந்தை எண்டு ஊர்ப் பேரோட பேர் வையுங்கோ, ஏலுமெண்டா உங்களுக்கெண்டு தனி எக்கவுண்ட் திறந்து அவரை மெம்பராச் சேர்த்து விடுங்கோ. அலெக்ஸாவில ஹஞ்சஸ் எண்டு ஒண்டும் இருக்கு, உங்கட பழக்கத்தைப் பாத்துத் தானே லைற்றைப் போட நூர்க்க விடுற வசதி, கேக்காமச் செய்ய அனுமதி குடுத்திருந்தா எடுத்து விடுங்கோ.

நேரத்திலயும் ஒழுங்கு இல்லை, கரண்டும் போகேல்ல எண்டா றவுட்டரை ஒரு இரவு முழுக்க நூர்த்துப்போட்டுப் படுங்கோ. லைற் பத்தேல்ல எண்டா வெளியால இருந்து, அதாவது ஆப், குரல், வேற ஆற்றையோ போன் வழியாத்தான் கட்டளை வந்திருக்கு, பாஸ்வேர்டை மாத்தி, மெம்பர் லிஸ்ற்றில தெரியாத பேர் இருந்தா தூக்குங்கோ. லைற் எப்பவும் பத்திற ஒழுங்கு இல்லாட்டி இதை ரெண்டு மூண்டு இரவு செய்யோணும். றவுட்டர் நூர்ந்திருக்கவும் பத்தினா காரணம் வீட்டுக்குள்ளதான்.

வீட்டுக்குள்ள எண்டா முதல் சந்தேகம் பல்லியில. மோசன் சென்சர் சூடு நகருறதைப் பாக்கிற சாமான், பல்லி தூர ஓடினாப் பெருசாக் கண்டுகொள்ளாது, ஆனா சென்சரின்ர வெள்ளை மூடிக்கு மேலயே ஏறினா அதுக்கு ஆள் நடந்த மாதிரித்தான். வெளி லைற்றின்ர றேடார் வகைச் சென்சர் இன்னும் மோசம், மெல்லிய கதவு, கிடுகு எல்லாம் ஊடுருவிப் பாக்கும், ஒழுங்கையால சைக்கிள் போனாலும் பத்தும், சென்சிற்றிவிற்றியைக் குறையுங்கோ. கண்ணாடி ரச் சுவிச்சில மாரி காலத்து ஈரம் படிஞ்சாலும் பல்லி காலை வச்சாலும் விரல் பட்டதா எடுக்கும், வெளிச்சுவருக்கு அந்த வகை சுவிச்சைப் பூட்டாதேங்கோ. றிமோட்டில வேலை செய்யிற 433 மெகாஹேர்ட்ஸ் சுவிச் எண்டா பக்கத்து வீட்டுக் கேற் றிமோட்டும் அதே கோட் நம்பரை அனுப்பலாம், சுவிச்சில பதிஞ்ச கோட் எல்லாத்தையும் அழிச்சு உங்கட றிமோட்டை மட்டும் திரும்பப் படிப்பியுங்கோ. எறும்பையும் மறக்காதேங்கோ, சுவிச் பெட்டிக்குள்ள கூடு வச்சா என்னவும் நடக்கும்.

கடைசியா, நூர்த்த லைற் மின்மினி போல மங்கலா ஒளிர்றது வேற வியாதி, அதைத் தானாப் பத்திறதோட சேர்க்காதேங்கோ. எங்கட பழைய வயரிங்கில சுவிச் பெட்டிக்கு நியூற்றல், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர், கனவேளை வராது, அதால நியூற்றல் தேவையில்லாத ஸ்மார்ட் சுவிச்சைத்தான் பூட்டுவினம், அந்தச் சுவிச் தான் உயிரோட இருக்கிறதுக்குப் பல்ப் வழியாக் கொஞ்சக் கரண்டை விடும், சின்ன எல்இடி பல்ப்புக்கு அதே காணும் மங்கலாப் பத்த. சுவிச்சோட வாற கப்பாசிற்றரைப் பல்ப்புக்குப் பக்கத்தில சேர்த்தா நிண்டிடும், கடையிலயும் தனியா வாங்கலாம். சாதாரண சுவிச்சிலயும் இப்பிடி மங்கலா ஒளிர்ந்தா சுவிச்சைக் கரண்ட் வாற லைவ் வயரில பூட்டாம நியூற்றலில பூட்டியிருக்கலாம், அப்ப சுவிச் நூர்ந்திருந்தாலும் ஹோல்டரில 230 வோல்ட் இருக்கும், பல்ப் மாத்தக் கையை வச்சாத் தூக்கி எறியும். அதை ஆப்பால திருத்தேலாது. எலெக்ரிசியன் வரும்வரைக்கும் அந்த ஹோல்டரில கை வைக்காதேங்கோ, பல்ப் கழட்டியே ஆகவேணும் எண்டா மெயின் சுவிச்சை நூர்த்துப்போட்டு ரோச் வெளிச்சத்தில கழட்டுங்கோ.