பவர் பட்டனை 5 முறை தட்டுங்கள்

தெருவில் எவனாவது பின்தொடர்ந்தால் ஆப் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பவர் பட்டனை டக்டக்கென்று 5 முறை அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு 12-உம் அதற்குப் பிந்தையதும் உள்ள பெரும்பாலான போன்களில் அது அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்கும். செட்டிங்ஸில் 'எஸ்ஓஎஸ்' என்று தேடி இன்றே ஆன் செய்து, கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய இரண்டு பேரின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். இருக்கும் இடம் அவர்களுக்குப் போகும்.

லாக்கைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் கைப்பைக்குள் கைவிட்டபடியே அழுத்திவிடலாம். சில மாடல்களில் திரையைத் தொட்டுப் பிடித்தால்தான் அழைப்பு போகும். அதைத் தானாகத் தொடங்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். அழைப்பு போவதற்கு முன் ஓடும் சில நொடி கவுண்ட்டவுனின்போது அலாரமும் அலறலாம். ஆளில்லாத தெருவில் சரி, ஆட்டோவுக்குள் அது நம்மையே காட்டிக்கொடுத்துவிடும். நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

அம்மாவின் பட்டன் போனா? 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். 2017 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் இந்த அவசர பட்டன் கட்டாயம்.

சிக்னல் இல்லாத இடத்தில் இதை நம்ப முடியாது. நெரிசலான பஸ்ஸில் உரசுகிறவனுக்கும் இது தோதுப்படாது. அங்கே கண்டக்டர் காதில் விழும்படி கத்துவதுதான் வேகம்.